தீபத் திருவிழாவும் வாந்திபேதியும்: பொதுச் சுகாதாரச் சட்டத்தின் வரலாற்றிலிருந்து

தமிழகத் திருச்சபை வரலாற்றை எழுதியோர் மருத்துவ ஊழியத்திற்கென ஓர் அதிகாரம் ஒதுக்கத் தவறுவதில்லை. மருத்துவமனைகள் தோன்றிய ஆண்டுகள், அவற்றைத் தோற்றுவித்த மிஷனரிமாரின் பெயர்கள், படுக்கைகளின் எண்ணிக்கை ஆகியவை அங்கே முறையாக இடம்பெறும். ஆனால் குடிநீர்க் குழாயும், கழிவுநீர்க் கால்வாயும், அவற்றை அமைக்கும்படி நகரசபைகளைக் கட்டாயப்படுத்திய சட்டமும் அந்த அதிகாரத்தில் பெரும்பாலும் காணப்படுவதில்லை. திருச்சபை கட்டாத எதுவும் திருச்சபை வரலாற்றில் சேராது என்ற எண்ணமே இதற்குக் காரணம் போலும். மக்களின் நல்வாழ்வே நமது அக்கறை என்றால், இந்த விடுபாடு சிறிதன்று.

இக்கட்டுரையில் ஓர் ஊரையும் ஒரு நோயையும் எடுத்துக்கொண்டு, நோயைத் தடுப்பது யார் பொறுப்பு என்ற கேள்விக்கு நம் நாட்டில் காலந்தோறும் கிடைத்த விடைகளை ஆராய முற்படுகிறோம். ஊர் திருவண்ணாமலை. நோய், நம் முன்னோர் வாந்திபேதி என்று அஞ்சிய காலரா.

ஊரும் நோயும்

திருவண்ணாமலை 1886இல் நகரசபையாயிற்று. அப்போது அது தென்னார்க்காடு மாவட்டத்தில் இருந்தது. 1911இல் வடஆர்க்காட்டுடன் சேர்க்கப்பட்டது. 1989இல் தனி மாவட்டத்தின் தலைநகராயிற்று. 1890களின் தொடக்கத்தில் விழுப்புரத்திலிருந்து வடமேற்கே சென்ற இருப்புப்பாதை இவ்வூரைத் தொட்டது. அதற்கு முன் மாட்டு வண்டியிலும் கால்நடையாகவும் வந்தோர், அதன்பின் இரயிலேறி வந்தனர். கார்த்திகைத் தீபத்தையொட்டிப் பெரிய மாட்டுச் சந்தையும் கூடும். ஆகவே, பக்தரோடு உழவரும் வியாபாரிகளும் நாட்கணக்கில் இங்கே தங்கினர்.

கார்த்திகை வடகிழக்குப் பருவமழையின் மாதம் என்பதை மறத்தலாகாது. மழை பெய்து தெருவிலும் திறந்தவெளியிலும் கிடந்தவற்றைக் குளங்களிலும் கிணறுகளிலும் சேர்க்கும் காலத்தில்தான், ஊரின் மக்கள்தொகை பன்மடங்கு பெருகியது. குளித்த நீரே குடிநீருமாயிற்று. காலராக் கிருமி உடலுள் சென்ற சில மணி நேரத்திலிருந்து ஐந்து நாட்களுக்குள் நோயாக வெளிப்படும். தீபத்தன்று நீர் அருந்தியவர் ஊரிலேயே விழலாம். திரும்பும் வழியில் ஒரு சாவடியில் விழலாம். தம் கிராமத்தை அடைந்து, அங்குள்ள கிணற்றைக் கெடுத்தபின் விழலாம். திருவிழா ஊரின் நீர் கெட்டால் அது அவ்வூரோடு நிற்பதில்லை என்பது இதனால் விளங்கும்.

குற்றவாளியைத் தேடிய காலம்

பத்தொன்பதாம் நூற்றாண்டில் இதற்குக் கிடைத்த விளக்கம் யாத்திரிகரைக் குற்றவாளியாக்கியது. 1866இல் கான்ஸ்தாந்திநோபிளில் கூடிய அனைத்துநாட்டுச் சுகாதார மாநாடு, இந்தியாவின் யாத்திரைத் தலங்களே காலராவைப் பரப்புவன என்று முடிவு செய்தது. முந்திய ஆண்டில் மெக்காவில் கண்ட நோய் ஐரோப்பாவை எட்டியிருந்தது, அச்சம் புரியத்தக்கதே. ஆனால் அந்த அச்சத்தில் நோய்வாய்ப்பட்ட யாத்திரிகர் மனிதராகத் தோன்றவில்லை, ஆபத்தாகவே தோன்றினர்.

மிஷனரி எழுத்துகளிலும் இதே பார்வை உண்டு. 1806இல் பூரிக்குச் சென்ற கிளாடியஸ் புக்கானன், வழியெங்கும் இறந்துகிடந்த யாத்திரிகரைப் பற்றி எழுதியவை இங்கிலாந்தில் பெருங் கிளர்ச்சியை உண்டாக்கின. அவர் கண்டது பொய்யன்று. ஆயினும் அச்சாவுகளை அவர் வழிபாட்டின் விளைவாகவே படித்தார். நீரின் விளைவாகப் படிக்கவில்லை. அக்காலத்தில் அவ்வாறு படிக்க வழியுமில்லை என்பதைச் சொல்லியாக வேண்டும். பின்வந்தோர் பலர், அறிவியல் வழிகாட்டிய பின்னும், திருவிழாக் கூட்டங்களில் பிரசங்கிக்கையில் நோயை வாதமாகப் பயன்படுத்தினர். அவர்களுடைய அர்ப்பணத்தை நாம் குறைத்து மதிப்பிடவில்லை. குடிப்பதற்கு நல்ல நீர் இல்லாதவரை நோக்கி, நீ வந்ததே தவறு என்று கூறுவது நற்செய்தியாகுமோ என்று மட்டும் கேட்கிறோம்.

இத்துடன் மற்றொரு நிகழ்ச்சியையும் சேர்த்துக் காணவேண்டும். கம்பெனி அரசு அக்காலத்தில் சென்னை மாகாணக் கோயில்களின் நிர்வாகத்தில் பங்கு கொண்டிருந்தது. கிறிஸ்தவ அரசு விக்கிரக ஆராதனைக்குத் துணைபோவதாக எதிர்ப்பு எழுந்து, 1836இல் சென்னையின் குருமாரும் பிறரும் கையொப்பமிட்ட விண்ணப்பம் ஒன்றைப் பேராயர் கோரி அரசுக்கு அனுப்பினார். படிப்படியாக அரசு விலகியது; 1863ஆம் ஆண்டின் 20ஆம் சட்டம் அவ்விலகலை நிறைவு செய்தது. மனச்சாட்சியின் அடிப்படையில் அன்று கேட்கப்பட்டது நியாயமானதே. எனினும் இலட்சக்கணக்கானோர் கூடும் விழாக்களை நடத்தும் பொறுப்பிலிருந்து அரசு விலகியபோது, அக்கூட்டத்தின் நீருக்கும் கழிவிற்கும் யார் பொறுப்பு என்பதை எவரும் வரையறுக்கவில்லை. கோயில் தர்மகர்த்தாக்களுக்கு அதற்குரிய அதிகாரமில்லை. நகரசபைகளோ இன்னும் தோன்றவில்லை. இவ்வெற்றிடத்தில் நம் முன்னோர்க்கும் சிறு பங்கு உண்டென்பது நமது கருத்து.

1864இல் சென்னை மாகாணத்திற்கு ஒரு சுகாதாரக் கமிஷன் நியமிக்கப்பட்டது. அதன் முதல் அக்கறை படைவீரர்களே. தாது வருஷப் பஞ்சத்தின்போது, 1877ஆம் ஆண்டில் மட்டும், மாகாணத்தில் மூன்று இலட்சத்திற்கு மேற்பட்டோர் காலராவால் மாண்டனர். பஞ்ச நிவாரண முகாம்களும் திருவிழாக்களைப் போன்றே பெருங் கூட்டங்கள். அங்கே பக்தியும் இல்லை, யாத்திரையும் இல்லை. நோய் வழிபாட்டால் வருவதன்று என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

ஓர் உதவிக்குருவின் வீட்டுச் சந்திப்புகள்

இங்கே சிறிது இலண்டன் மாநகருக்குச் செல்வது நமக்குப் பயன்படும். 1854இல் சோஹோப் பகுதியில் பிராட் தெருவில் காலரா பரவியது. மருத்துவர் ஜான் ஸ்நோ, தெருக்குழாய் ஒன்றின் நீரே காரணமெனக் கூறி அதன் கைப்பிடியை அகற்றச் செய்தார். இதைப் பலர் அறிவர். புனித லூக்கா ஆலயத்தின் உதவிக்குருவாயிருந்த ஹென்றி வைட்ஹெட் என்னும் இளைஞரைப் பற்றி அறிந்தோர் சிலரே. அவர் ஸ்நோவின் கருத்தைத் தவறென நிரூபிக்கவே புறப்பட்டார். தம் சபையாரை வீடுவீடாக அறிந்தவராதலின், யார் எந்த நீரைக் குடித்தனர், யார் பிழைத்தனர், யார் மடிந்தனர் என்று பொறுமையாக விசாரித்தார். முடிவில், குழாயருகே இருந்த 40ஆம் இலக்க வீட்டில் நோயுற்ற ஒரு குழந்தையின் துணிகளை அலசிய நீர் கழிவுக்குழியில் ஊற்றப்பட்டதையும், அக்குழி கிணற்றோடு கசிந்து கலந்ததையும் வெளிக்கொணரக் காரணமானவர் அவரே. போதகரின் சாதாரண வீட்டுச் சந்திப்பு அறிவியலுக்குச் சான்றாயிற்று.

1884இல் இராபர்ட் கோக் கல்கத்தாவில் ஒரு குளத்து நீரில் காலராக் கிருமியைக் கண்டார். ஆயினும் இந்திய அரசின் சுகாதார ஆணையராயிருந்த கன்னிங்ஹம், நோய் நீரால் தொற்றுவதை ஏற்க மறுத்தார். தொற்று என்று ஒப்புக்கொண்டால் கப்பல்களைத் தடுத்துவைக்க வேண்டும், வணிகம் கெடும். ஆகவே காற்றும் மண்ணும் பருவமும் பழிசுமந்தன. கொள்கை அறிவைப் பின்தொடராமல் வருவாயைப் பின்தொடர்வது புதிய செய்தியன்று.

ஊரை விட்டு ஓடுவதே அக்காலத்தில் எளிய மக்கள் கண்ட பாதுகாப்பு. 1905இல் திருவண்ணாமலையில் பிளேக் அச்சம் ஏற்பட்டபோது மக்கள் நகரை விட்டு வெளியேறினர். மலையில் வாழ்ந்த ரமணர் அப்போது ஏறத்தாழ ஆறு மாதம் பச்சையம்மன் கோயிலில் தங்கியதாக அவரது வரலாறு கூறும். நகரசபை தோன்றி ஏறக்குறைய இருபது ஆண்டுகள் ஆகியும் நிலை இதுவே. வரி செலுத்தும் வீட்டுக்காரரே வாக்காளராயிருந்த நகரசபைகள், வரி செலுத்தாத யாத்திரிகருக்காகக் குழாய் பதிக்க விரையவில்லை. குற்றம் கவுன்சிலர்களுடையது மட்டுமன்று. பணம் ஒதுக்கும்படி அவர்களைக் கட்டாயப்படுத்தும் சட்டம் இல்லை.

1939ஆம் ஆண்டு

1922இல் சென்னை மாகாணத்தில் பொதுச் சுகாதாரத்திற்கெனத் தனி இயக்ககம் ஏற்பட்டது. நோயாளியைக் குணப்படுத்தும் துறை வேறு, நோய் வராமற் காக்கும் துறை வேறு என்று பிரித்தது இதன் சிறப்பு. மருத்துவமனையும் சுகாதாரமும் ஒரே துறையாயிருப்பின், பணம் முழுவதும் மருத்துவமனைக்கே செல்லும். நோயாளி கதவைத் தட்டுவார். இன்னும் நோயுறாதவர் தட்டுவதில்லை.

1937இல் இராஜகோபாலாச்சாரியாரின் அமைச்சரவை பதவியேற்றது. அதில் மருத்துவர் டி. எஸ். எஸ். இராஜன் பொதுச் சுகாதாரத்தையும் அறநிலையத்தையும் ஒருங்கே ஏற்றார். கோயிலும் குழாயும் ஒரே அமைச்சரின் பொறுப்பில் இருந்தமை தற்செயலாகவே இருக்கலாம். இருப்பினும், முன்னே கூறிய வெற்றிடம் நிரம்பியது அக்காலத்தில்தான். சென்னைப் பொதுச் சுகாதாரச் சட்டம், 1939ஆம் ஆண்டின் மூன்றாம் சட்டமாக வெளிவந்தது. இந்தியாவில் இவ்வகையில் இதுவே முதலாவது.

இச்சட்டத்தை நம் மாணவர்கள் ஒருமுறையேனும் படிக்க வேண்டுமென விரும்புகிறோம். குடிநீர், கழிவுநீர், கழிப்பிடம், தொற்றுநோய், தாய்சேய் நலம், கொசு ஒழிப்பு, தங்கும் விடுதிகள், உணவு ஆகியவற்றை அது ஒவ்வொன்றாக எடுத்துப் பேசுகிறது. கெட்ட கிணற்றை மூடச் சுகாதார அதிகாரிக்கு அதிகாரம் அளிக்கிறது. தொற்றுநோயைக் கண்ட மருத்துவர் அதை அறிவித்தே ஆகவேண்டும். சந்தைகளுக்கும் திருவிழாக்களுக்கும் அதில் தனி அதிகாரமே உண்டு. திருவிழா கூடாதென்று அச்சட்டம் சொல்லவில்லை. கூடுவோருக்கு நீரும் கழிப்பிடமும் வேண்டும், அவற்றுக்கு உள்ளாட்சி அமைப்பு பொறுப்பு என்று சொல்கிறது. குற்றவாளிக் கூண்டிலிருந்த யாத்திரிகர் இங்கே உரிமையுடையவராகிறார். நமது பார்வையில், இம்மாற்றம் இறையியல் நோக்கிலும் கவனிக்கத்தக்கது.

எல்லாவற்றினும் முக்கியமானது பணம் பற்றிய விதி. அரசு மானியம் நீங்கலாகத் தன் வருவாயில் 30 விழுக்காட்டிற்குக் குறையாமல் ஒவ்வொரு நகரசபையும், 12½ விழுக்காட்டிற்குக் குறையாமல் மாவட்டக் கழகங்களும் பஞ்சாயத்துகளும் பொதுச் சுகாதாரத்திற்கு ஒதுக்கவேண்டும். எத்தனை நகரசபைகள் இதை முழுமையாக நிறைவேற்றின என்பது வேறு கேள்வி. ஆனால் கேட்பதற்கு ஓர் எண் கிடைத்தது. வரவுசெலவுத் திட்டத்தைக் கையில் வைத்துக்கொண்டு குடிமகன் தன் நகரசபையைக் கேள்வி கேட்க முடிந்தது.

நோய் இதனால் ஒரே நாளில் மறையவில்லை. திருவிழாக் காலங்களில் ஊர் எல்லையில் ஊசி போடும் முகாம்கள் பல்லாண்டு நடந்தன. நம்மில் முதியோர் அந்த ஊசியின் வலியை இன்னும் மறந்திரார். ஊசி நோயின் பரவலைத் தடுக்கவில்லை என்று கண்டு, 1973இல் உலக சுகாதார அமைப்பின் பேரவை காலரா ஊசிச் சான்றிதழைப் பயணிகளிடம் கேட்கும் விதியைக் கைவிட்டது. 1971இல் வங்கதேச அகதிகளின் முகாமில் திலீப் மஹலனபிஸ் உப்பும் சர்க்கரையும் கலந்த நீரைக் கொண்டு சாவை வெகுவாகக் குறைத்துக் காட்டினார். கிணறுகளில் குளோரின் இடும் பழக்கம் பரவியது. 1958இல் சாத்தனூர் அணை முடிவுற்றபின், காலப்போக்கில் தென்பெண்ணை நீர் திருவண்ணாமலைக்குக் குடிநீராக வந்தது. நோய் முற்றும் ஒழியவில்லை. 1992இல் காலராக் கிருமியின் புதியதொரு வகை முதன்முதல் சென்னையிலேயே கண்டறியப்பட்டது. எனினும் தீபத்திற்குப் போனவர் திரும்புவாரோ என்று வீட்டார் அஞ்சிய காலம் கடந்துவிட்டது.

தூய்மைக்கு விலை கொடுத்தவர்கள்

இவ்வரலாற்றை வெற்றிக் கதையாக மட்டும் எழுத நமக்கு மனமில்லை. 1939ஆம் ஆண்டிலேயே, அதே அமைச்சரவையின் காலத்தில், மதுரை மீனாட்சியம்மன் கோயிலில் ஆலயப் பிரவேசம் நடந்தது. அதற்குப் பாதுகாப்பளிக்கும் சட்டமும் வந்தது. மாகாணத்தின் எல்லாக் கோயில்களையும் திறந்த சட்டம் 1947இல்தான் நிறைவேறியது. ஆக, பொதுச் சுகாதாரச் சட்டம் நகரத்தின் தூய்மையைக் கட்டாயமாக்கிய நாளில், அத்தூய்மையைத் தம் கைகளால் உண்டாக்கியோர் தாம் துப்புரவு செய்த மாடவீதிக்கு அப்பால் கோயிலுக்குள் நுழைய இயலாதவராயிருந்தனர்.

சட்டம் கழிப்பிடத்தைக் கேட்டது. நகரசபைகள் கட்டியவற்றுள் பெரும்பாலானவை எடுப்புக் கழிப்பிடங்கள். அவற்றினின்று மலத்தை வாளியிலும் வண்டியிலும் அகற்றும் வேலை ஒரு சில சாதியாருக்கே பரம்பரையாக விதிக்கப்பட்டது. மற்றவரைக் காலராவினின்று காத்த அவர்கள், நாள்தோறும் அக்கிருமியின் நடுவே நின்றனர். இராணுவப் பாளையத்தின் கழிவைப் பற்றி உபாகமம் 23ஆம் அதிகாரம் பேசும்போது, ஒவ்வொருவனும் தன் ஆயுதங்களோடு ஒரு சிறு கோலை வைத்துக்கொண்டு, தானே தோண்டித் தானே மூடவேண்டுமென விதிக்கிறது. அப்பணிக்கென ஒரு கோத்திரத்தை அது பிரித்து வைக்கவில்லை. லேவியருக்குரிய கடமைகளை இவ்வளவு நுணுக்கமாக வகுத்த ஐந்தாகமங்களில் இப்பிரிவினை இல்லாமை சிந்திக்கத்தக்கது.

1993இல்தான் எடுப்புக் கழிப்பிடங்களையும் கையால் மலம் அள்ளுவதையும் தடைசெய்யும் மத்தியச் சட்டம் வந்தது. அது செயலற்றுக் கிடந்தது. கோலார் தங்கவயலில் இத்தொழிலில் ஈடுபட்ட குடும்பத்தில் பிறந்த பெசவாடா வில்சன் முன்னின்று நடத்திய இயக்கம் 2003இல் உச்ச நீதிமன்றம் சென்றது. 2013இல் புதிய சட்டம் வந்தது. 2014 மார்ச்சில் வெளியான தீர்ப்பு, 1993 முதல் பாதாளச் சாக்கடையில் இறந்தோர் குடும்பத்திற்குத் தலா 10 இலட்ச ரூபாய் வழங்க ஆணையிட்டது. 2023இல் அத்தொகை 30 இலட்சமாக உயர்த்தப்பட்டது. தொகை உயர்கிறது என்பதே சாவு நிற்கவில்லை என்பதற்குச் சான்று.

திருச்சபை எங்கே நின்றது?

வடஆர்க்காட்டிலும் தென்னார்க்காட்டிலும் மருத்துவ ஊழியம் வேரூன்றியது. வேலூரில் ஐடா ஸ்கடர் அம்மையார் 1902இல் மேரி டேபர் ஷெல் மருத்துவமனையையும், 1918இல் பெண்களுக்கான மருத்துவப் பள்ளியையும் தொடங்கினார். திருவண்ணாமலையைச் சூழ்ந்த பகுதியில் ஊழியம் செய்த டென்மார்க் மிஷனின் மருத்துவமனை திருக்கோவிலூரில் எழுந்தது. இவற்றின் வாசலில் உயிர்பிழைத்தோர் பலர். ஆயினும் நோயாளி வரும்வரை காத்திருப்பதே இவ்வூழியத்தின் பொதுவான போக்காயிருந்தது.

இதைத் திருச்சபைகளே உணர்ந்து பேசியது 1964இல் ஜெர்மனியின் டூபிங்கனில் கூடிய ஆலோசனைக் கூட்டத்தில். 1968இல் உலகத் திருச்சபைகள் மாமன்றம் கிறிஸ்தவ மருத்துவ ஆணையத்தை நிறுவியது. அதன் சிந்தனை உலக சுகாதார அமைப்பைத் தொட்டு, 1978இல் அல்மா ஆட்டாவில் வெளியான ஆரம்பச் சுகாதாரப் பிரகடனத்திற்குத் துணைநின்றது. அதற்கு முந்திய ஆண்டில், 1977இல், வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி கே. வி. குப்பத்தில் ருஷா என்னும் கிராமியச் சுகாதார, சமூகப்பணி மையத்தைத் தொடங்கிற்று. நோயோடு வறுமையையும் நீரையும் வேலைவாய்ப்பையும் சேர்த்து நோக்கிய முயற்சி அது.

எரிகோ ஊரார் எலிசாவிடம் வந்த நிகழ்ச்சியை 2 இராஜாக்கள் 2ஆம் அதிகாரத்தில் காண்கிறோம். ஊர் நல்லது, தண்ணீரோ கெட்டது என்பது அவர்களின் முறையீடு. தீர்க்கதரிசி நோயுற்றோரை வரிசையாக அழைத்துவரச் சொல்லவில்லை, நீரூற்றண்டைக்குப் போனான். குணமாக்கும் ஊழியம் பற்றிய நம் பிரசங்கங்களில் நாகமான் அடிக்கடி வருகிறான்; எரிகோவின் ஊற்று வருவதரிது.

இன்றைய மலையடிவாரம்

1939ஆம் ஆண்டுச் சட்டம் ஆண்டுக்கொருமுறை கூடும் திருவிழாவை மனத்திற்கொண்டு எழுதப்பட்டது. 1990கள் முதல் திருவண்ணாமலையில் ஒவ்வொரு பௌர்ணமியும் திருவிழாவாயிற்று. பதினான்கு கிலோமீட்டர் கிரிவலப் பாதையில் மாதந்தோறும் இலட்சக்கணக்கானோர் நடக்கின்றனர். கொரோனா காலத்தில், 2020ஆம் ஆண்டுத் தீபத்திற்கு வெளியூரார் அனுமதிக்கப்படவில்லை. அன்றும் கையாளப்பட்ட கருவிகளுள் ஒன்று, பிளேக்கிற்காக 1897இல் இயற்றப்பட்ட கொள்ளைநோய்ச் சட்டம். 2019 சனவரி முதல் ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக் பொருட்களுக்குத் தமிழக அரசு தடைவிதித்துள்ளது. கிரிவலப் பாதையில் நடந்தவர் அத்தடையின் வலிமையையும் மெலிவையும் கண்ணாரக் காணலாம். பாதையை அகலப்படுத்த மரம் வெட்டுவது 2010களின் நடுவில் பசுமைத் தீர்ப்பாயத்தில் வழக்காயிற்று. மொட்டையாய்க் கிடந்த மலையில் 1980களின் பிற்பகுதியிலிருந்து தன்னார்வலர் மரம் நட்டு வந்துள்ளனர்.

2024 டிசம்பர் முதல் நாள், பெஞ்சல் புயலின் பெருமழையில் மலைச்சரிவு இடிந்து, அடிவாரத்தில் வ. உ. சி. நகரில் ஒரு வீட்டின்மேல் விழுந்தது. ஏழுபேர் மாண்டனர், அவர்களுள் ஐவர் குழந்தைகள். இது காலராவன்று. ஆயினும், எங்கே வீடு கட்டலாம், மலைநீர் எவ்வழி ஓடவேண்டும், நிலமற்ற ஏழை வேறெங்கே குடியிருப்பான் என்பவை எல்லாம் நகரசபையின் மேசைக்கு வரவேண்டிய அதே வகைக் கேள்விகள். அவ்வாண்டிலேதான் திருவண்ணாமலை மாநகராட்சியாக உயர்த்தப்பட்டது. சுகாதாரத்திற்கு வருவாயில் பங்கு ஒதுக்கும் அந்தப் பழைய விதி இன்று எப்படி நிறைவேற்றப்படுகிறது என்று வரவுசெலவு அறிக்கையைக் கேட்டுப் பார்க்கும் உரிமை, அங்கு ஊழியம் செய்யும் போதகருக்கும் மற்ற குடிமக்களுக்கும் ஒருபோலவே உண்டு.

ஆண்டுதோறும் தீபத்திற்குப் பிற நகராட்சிகளிலிருந்தும் துப்புரவுத் தொழிலாளர் திருவண்ணாமலைக்கு வரவழைக்கப்படுகின்றனர். கூட்டம் கலைந்த பின்னும் அவர்களுக்கு வேலை முடிவதில்லை. அவர்களுள் நம் சபைகளைச் சேர்ந்தோரும் உளர்.